கோரைப்பாய்க்குப் பின்னால் ஒரு ரௌட்டர்

சேரன்மகாதேவியில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டுக்குக் கண்ணாடியிழை இணைய இணைப்பு சென்ற ஆண்டு சித்திரையில் வந்தது. இணைப்புக் கொடுக்க வந்த இளைஞர் அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டார். கைநேர்த்தி உள்ளவர்தான்; ஆனால் அன்று அவருக்கு இன்னும் நான்கு வீடுகள் பாக்கி இருந்தன. ஆகவே பட்டாசாலைச் சுவரில், தாத்தாவின் படத்துக்கும் பெண்டுலம் கடிகாரத்துக்கும் நடுவில், தமக்கு எட்டிய உயரத்தில் இரண்டு ஆணி அடித்து, நான்கு ஆண்டெனாக்களைத் தூக்கிக்கொண்டு நிற்கும் வெள்ளை ரௌட்டரை, அதாவது இணையத்தை வைஃபையாக வீடெங்கும் பரப்பும் பெட்டியை, மாட்டினார். கேபிளை வாசல் நிலையின் மேலிருந்து சுவரின் குறுக்கே சாய்வாக இழுத்து, முழத்துக்கு ஒரு கிளிப் அடித்துவிட்டுப் போனார். மத்தியானத் தூக்கம் கலைந்து வந்த ஆச்சி அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஏல, ஒங்க தாத்தா படத்துக்குப் பக்கத்துல என்னல இது, கொம்பு மொளச்சு நிக்கு?" என்று கேட்டாள்.

அந்தக் கொம்பை ஆச்சியின் கண்ணில் படாமல் செய்வதற்கு எனக்கு நான்கு மாதம் பிடித்தது. ஒரு வார இறுதியில் முடிந்துவிடும் என்று நினைத்து இறங்கிய வேலை அது. இரண்டு முறை தோற்று மூன்றாம் முறைதான் கைகூடியது என்பதால், தோற்ற இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வீட்டின் கட்டுமானத்தை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிற்பாடு நேர்ந்த அத்தனைக்கும் அதுவே காரணம். சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு 20 அங்குல கனத்தில் எழுப்பப்பட்டவை. திண்ணை, தார்சா, பட்டாசாலை, இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று வீடு பின்னோக்கி நீண்டுகொண்டே போகும். தெருவில் நின்று பார்த்தால் புறவாசல் முருங்கை மரம் தெரியும்படி எல்லா நிலைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். பட்டாசாலைக்கு மேலே தேக்குப் பலகை பாவிய மச்சு. நான் வீட்டிலிருந்து அலுவலக வேலை பார்ப்பது அந்த மச்சில்தான்.

எதையும் நகர்த்துவதற்கு முன்னால் அளந்துகொண்டேன். கைப்பேசியில் சமிக்ஞை வலிமையைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றை நிறுவி, பட்டாசாலை, அடுக்களை, மச்சு, புறவாசல், திண்ணை ஆகிய ஐந்து இடங்களில் தரையில் சாக்பீஸால் குறியிட்டு, ஒவ்வொரு குறியிலும் நின்று, கைப்பேசியை மார்பு உயரத்தில் ஒரே விதமாகப் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிடம் பார்த்துச் சராசரியைக் குறித்துக்கொண்டேன். எண் நிற்கும் இடத்தில் நிற்காமல் மூன்று நான்கு புள்ளி ஏறி இறங்கும் என்பதால், ஒரே ஒரு தடவை பார்த்து எழுதுவது ஏமாற்றிவிடும். அளவு டிபிஎம் என்னும் அலகில், பூச்சியத்துக்குக் கீழே வரும். பூச்சியத்தை நெருங்க நெருங்க வலிமை கூடுகிறது என்று பொருள். மூன்று புள்ளி இறங்கினால் வந்து சேரும் திறன் பாதியாகிவிட்டது, பத்து இறங்கினால் பத்தில் ஒரு பங்காகிவிட்டது. தடங்கலில்லாத காணொளி அழைப்புக்கு -67 அல்லது அதைவிட மேலான அளவு வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் முதல் நாள் எனக்குக் கிடைத்தவை: பட்டாசாலை -41, அடுக்களை -64, மச்சு -66, புறவாசல் -73, திண்ணை -68. இவற்றைவிடக் குறையாமல் பெட்டியை மறைப்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

முதல் யோசனை மாடாக்குழி. பட்டாசாலைச் சுவரில் முன்பு சிமினி விளக்கு வைப்பதற்காக விட்ட குழி ஒன்று, 8 அங்குல ஆழத்தில், ரௌட்டருக்கென்றே அளவெடுத்தது போல இருந்தது. பெட்டியை அதற்குள் வைத்து, மூடியாக வீட்டிலிருந்த தஞ்சாவூர்ப் பட்டாபிஷேகப் படத்தை முன்னால் தொங்கவிட்டேன். பார்வைக்கு இதைவிட அழகாக ஒன்றும் அமைந்திருக்க முடியாது. ஆச்சியும் ஒப்புக்கொண்டாள். மறுநாள் காலையில் மச்சில் அமர்ந்து அழைப்பில் சேர்ந்தபோது, என் குரல் மற்றவர்களுக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டதாம்.

சாக்பீஸ் குறிகளுக்குத் திரும்பினேன். பட்டாசாலை -55, அடுக்களை -74, மச்சு -77. படத்தை மட்டும் கழற்றிவிட்டு அளந்தால் பட்டாசாலை -45, அடுக்களை -69, மச்சு -71. ஆக, குழி தின்றது ஒரு பங்கு, படம் தின்றது இன்னொரு பங்கு. குழியின் மூன்று பக்கமும் சுவர் என்பதால் அலைகள் கனத்த காரைக்குள் புகுந்து வெளியேற வேண்டியிருந்தது. படத்தின் கதை வேறு: தஞ்சாவூர்ப் படத்தில் கிரீடமும் தூணும் மண்டபமும் தங்க ரேக்கு ஒட்டி எழுப்பப்படுபவை. ரேக்கு எவ்வளவு மெல்லியதானாலும் உலோகம் உலோகம்தான். வானொலி அலைக்கு அது கண்ணாடியின் ரசப்பூச்சைப் போல, வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். அதே காரணத்தால் நிலைக்கண்ணாடி பதித்த பீரோவுக்குப் பின்னால் ரௌட்டரை வைப்பதும் வீண்வேலை.

சமிக்ஞையைக் காட்டிலும் வெப்பம் என்னை அதிகம் பயமுறுத்தியது. ரௌட்டரின் அடிப்பக்கத்தில் 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் இயக்கவும் என்று அச்சிட்டிருந்தது. சித்திரை வெயிலில் எங்கள் பட்டாசாலையே பிற்பகலில் 36ஐத் தொடும். மூடிய குழிக்குள் ஒரு வெப்பமானியை வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 47 காட்டியது. படத்தை மறுபடியும் பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டேன்.

இரண்டாவது முயற்சி பனையோலைப் பெட்டி. சீர்வரிசைக்குப் பலகாரம் வைத்துக் கொடுக்கும் மூடி போட்ட பெரிய பெட்டி ஒன்று பரணில் கிடந்தது. காய்ந்த ஓலையில் நீர்ச்சத்து மிகக் குறைவு, உலோகம் இல்லை. எனவே அலைகளுக்கு அது இருப்பதே தெரியாது. அடியிலும் மூடியிலும் வட்டமாக வெட்டிக் காற்றுக்கு வழிவிட்டு, ரௌட்டரை உள்ளே வைத்துப் பலகைத் தட்டின் மேல் அமர்த்தினேன். பட்டாசாலையில் -42 கிடைத்தது. ஆனால் பெட்டியின் உயரம் போதாததால் ஆண்டெனாக்களை மடக்கிப் படுக்கவைக்க வேண்டியதாயிற்று. அங்கேதான் பிசகியது. நிமிர்ந்து நிற்கும் இவ்வகைக் கம்பி ஆண்டெனா தன் நுனிப் பக்கமாக அலையை அதிகம் வீசுவதில்லை, பக்கவாட்டில்தான் வீசும். ஓட்டை போட்ட உளுந்தவடை ஒன்றை அந்தக் கம்பியில் கோத்துவைத்தால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் அதன் வீச்சின் வடிவம். கம்பியைப் படுக்கவைத்தவுடன் வடை செங்குத்தாகத் திரும்பிவிட்டது. மச்சில் -61 என்று முன்னைக்காட்டிலும் நன்றாக வந்தது. புறவாசலில் -79க்கு விழுந்துவிட்டது. ஆச்சி மாலையில் புறவாசலில் உட்கார்ந்துதான் சென்னையிலுள்ள அத்தையோடு முகம் பார்த்துப் பேசுவாள் என்பதால் இது பெரிய வழக்காகிவிட்டது. ஓலைப்பெட்டி பரணுக்குத் திரும்பியது. வெட்டியதற்காக நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத வேண்டாம்.

இரண்டு தோல்வியிலிருந்தும் தேவையான குறிப்புகள் கிடைத்துவிட்டன. ஆண்டெனாக்கள் நிமிர்ந்து நிற்க உயரம் வேண்டும். மேலும் கீழும் காற்று ஓட வேண்டும். முகப்பில் உலோகம் கூடாது. சுவரைத் துளைத்துக்கொண்டு போவதற்குப் பதிலாக அலைகள் வாசல்கள் வழியாகப் போகும்படி இடம் தேர வேண்டும். நேர்கோட்டில் இருக்கும் நிலைகளைப் பற்றி முன்னே சொன்னேன் அல்லவா, அதை அதுவரை நான் பயன்படுத்திக்கொள்ளவே இல்லை. தலைவாசல் நிலைக்கு வலப்புறம், பட்டாசாலையின் உட்சுவரில் ஐந்தரை அடி உயரத்தில் நின்று பார்த்தால், இரண்டாங்கட்டும் அடுக்களையும் தாண்டிப் புறவாசல் வரைக்கும் கண் போகிறது. கண் போகும் இடத்துக்கு அலை சிரமமில்லாமல் போகும். கேபிள் வீட்டுக்குள் நுழைவதும் அதே நிலையின் மேல்தான்.

முகப்புக்குக் கோரைப்பாய் என்பது எங்கள் ஊர்ப்பக்கத்தில் பிறந்தவனுக்குத் தானாகத் தோன்ற வேண்டியது. எனக்கு மூன்றாவதாகத்தான் தோன்றியது. பத்தமடை எங்களுக்குக் கூப்பிடு தூரம். தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையைப் பச்சையாகவே கீறி, காயவைத்து, ஆற்று நீரில் ஊறப்போட்டு மறுபடி காயவைத்து, பருத்தி நூலைப் பாவாகக் கொண்டு நெய்கிறார்கள். நூலும் பருத்தி, ஊடும் புல். உலோகச் சரிகை எதுவும் இல்லை. வீட்டில் ஆச்சியின் கல்யாணத்துக்கு நெய்வித்த பட்டுப்பாய் ஒன்று, பெண் மாப்பிள்ளை பெயர் வைத்து நெய்தது, துணி சுற்றிப் பெட்டியில் இருக்கிறது. அதைத் தொடக்கூடாது என்பது சொல்லாமலே தெரியும். மேலும், பட்டுப்பாய் துணியைப் போல நெருக்கமாக நெய்யப்படுவது, காற்றுப் புகாது. எனக்கு வேண்டியது முரட்டுக் கோரையில் இழைக்கிழை இடைவெளி விட்ட சாதாரணப் பாய். பத்தமடைக்குப் போய், சிவப்புக் கரையிட்ட பாய் ஒன்றை வாங்கி வந்தேன். கடையில் இருந்தவர் எதற்கு என்று கேட்டார். சொன்னதும், "அப்போ சாயம் குறைஞ்சதே போதுமே அண்ணாச்சி, வெயில் படாத எடம்தான" என்று விலை குறைந்ததையே எடுத்துக் கொடுத்தார்.

சட்டத்தைச் செய்துகொடுத்தவர் எங்கள் தெரு ஆசாரி. பழைய ஜன்னல் கதவின் தேக்குச் சட்டத்தை இழைத்து, உயரம் 22 அங்குலம், அகலம் 16 அங்குலம், ஆழம் 5 அங்குலம் என்ற அளவில், முகப்பு ஒரு பக்கம் கீல் வைத்துத் திறக்கும்படி செய்தார். அடிப்பலகையும் மேல்பலகையும் வேண்டாம், சட்டம் மட்டும் போதும் என்று நான் சொன்னதை அவர் ஏற்கவில்லை. "தெறந்து கெடந்தா பல்லி குடும்பம் நடத்தும் அண்ணாச்சி" என்றார். சரி என்று, இரண்டிலும் நீளவாக்கில் இரண்டு அங்குலத் திறப்பு விட்டு வலை அடிப்பதென்று பேசி முடித்தோம். ரௌட்டரின் சூட்டில் உள்ளிருக்கும் காற்று இலேசாகி மேல் திறப்பின் வழியே ஏறிப் போக, அந்த இடத்துக்குக் கீழிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். அடுப்படிப் புகைக்கூண்டு வேலை செய்யும் விதமேதான்.

வலையை வாங்கப் போன இடத்தில் ஒரு சிறு ஆபத்திலிருந்து தப்பினேன். கடையில் கொசுவலை என்று கேட்டவுடன் அலுமினிய வலையை அளக்கத் தொடங்கிவிட்டார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஆறு சென்டிமீட்டருக்கும் குறைவு. வலைக்கண்ணோ இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. அலையின் நீளத்தோடு ஒப்பிட மிகச் சிறிய கண்களைக் கொண்ட உலோக வலை, கண்ணுக்குத்தான் வலை, அலைக்கு அது தகடு. மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் பொத்தல் போட்ட உலோகத் தகடு வைத்திருப்பதும் இதற்காகவே. அதற்குள் சுழலும் அலையும் ஏறக்குறைய இதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அளவினதுதான். நைலான் வலையாகக் கேட்டு வாங்கினேன். திருகாணி, கீல் போன்ற சிறு உலோகத் துண்டுகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை; ஆண்டெனாவை ஒட்டினாற்போல் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். சட்டத்துக்கு வார்னிஷ் மட்டும் அடித்தோம். அலுமினியத் தூள் கலந்த வெள்ளி நிற பெயின்ட்டைத் தவிர வேறு எதை அடித்திருந்தாலும் பாதகமில்லை.

பாயை வெட்டியவுடன் கோரை உருவிக்கொண்டு வரத் தொடங்கியது. வெட்டுவதற்கு முன்பே கோட்டின் இருபுறமும் ஃபெவிகால் தடவி ஓர் இரவு காயவிட்டு, அதன் பிறகு வெட்டியிருக்க வேண்டும்; இரண்டாவது துண்டுக்கு அப்படியே செய்தேன், ஓரம் கத்தியால் சீவியது போல நின்றது. சட்டத்தின் உட்புறம் பாயை இழுத்து வைத்து, மேலே மெல்லிய மரப் பட்டியை அறைந்து இறுக்கினோம். ரொம்பவும் விறைப்பாக இழுக்க வேண்டாம் என்று ஆசாரி தடுத்தார். ஐப்பசி ஈரத்தில் நூல் இறுகிச் சட்டத்தையே வளைக்கும் என்பது அவர் கணிப்பு.

கேபிளுக்கு வருகிறேன். இந்த வேலையில் எனக்கு மிகுந்த திருப்தி தந்ததும், மிகுந்த வியர்வையை வரவழைத்ததும் அதுதான். வீட்டின் முதல் மின்சார ஒயரிங், சுவரின் மேல் அடிக்கப்பட்ட தேக்குக் கேசிங்குக்குள் ஓடியது. இரண்டு காடி வெட்டிய பலகை, அதன் மேல் மூடிப் பலகை. பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்னால் புதிய ஒயரிங் செய்தபோது, அதைக் கழற்றினால் காரை பெயரும் என்பதால், உயிரில்லாத கம்பிகளோடு அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். மின் பணியாளரை அழைத்து, அதில் மின்சாரம் சுத்தமாக இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, பழைய கம்பிகளை உருவிவிட்டு, காலியான காடியில் கண்ணாடியிழைக் கேபிளைப் படுக்கவைத்தேன். இழை கண்ணாடி என்பதால் மின்சாரம் பாயாது என்பது உண்மை; ஆனால் தெருவிலிருந்து வரும் கறுப்புக் கேபிளின் உறைக்குள் வலுவுக்காக மெல்லிய எஃகுக் கம்பிகள் ஓடுகின்றன, ஆகவே உயிருள்ள மின்கம்பியோடு ஒரே காடியில் அதைப் போடக்கூடாது.

வீட்டு நிலை முடிந்து சுவர் கீழ்நோக்கித் திரும்பும் மூலையில் கேசிங் செங்கோணமாக மடங்குகிறது. நானும் கேபிளை அப்படியே மடக்கி மூடியை அறைந்தேன். ரௌட்டரில் பச்சையாக நிலைத்து எரிய வேண்டிய விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது, அரை மணி கழித்துச் சிவப்பு விளக்கு வந்தது. கண்ணாடியிழைக்குள் ஒளி உள்ளுக்குள்ளேயே எதிரொளித்துப் போகிறது. ஓர் அளவுக்கு மேல் வளைத்தால் அந்த எதிரொளிப்புத் தவறி ஒளி வளைவில் வெளியே கசிந்துவிடும். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தை உலாவியில் திறந்தால், வந்து சேரும் ஒளியின் அளவை அதே டிபிஎம் அலகில் காட்டும் பகுதி உண்டு. முன்பு -19 இருந்தது, மடக்கிய பிறகு -26 ஆகியிருந்தது. வீடுகளில் பரவலாக உள்ள இவ்வகைக் கருவிகள் -27 வரைதான் தாங்கும் என்பதால், விளிம்பில் நின்று தள்ளாடிக்கொண்டிருந்தது. மூடியைக் கழற்றி, ஆசாரியின் உளியால் மூலையின் உட்புறத்தைச் செதுக்கி, காப்பித் தம்ளரின் வாயளவுக்கு ஒரு வளைவை ஏற்படுத்தினேன். அதாவது ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் ஆரம். புதிய வகை இழைகள் இதைவிட இறுக்கமான வளைவையும் பொறுத்துக்கொள்ளும் என்றாலும், தெருக் கேபிளின் உறை அவ்வளவுக்கு இணங்குவதில்லை. அளவு மறுபடி -19க்கு வந்தது. கழற்றி மாட்டும்போது கேபிள் நுனியைக் கண்ணுக்கு நேரே வைத்து எட்டிப் பார்க்கக்கூடாது. அதில் வருவது லேசர், அதுவும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு.

மச்சுக்கு அதே கேசிங்கின் மற்றொரு காடி வழியாக நெட்வொர்க் கேபிளை மேலே ஏற்றி, இரண்டாவது வைஃபை கருவி ஒன்றை உத்தரத்தின் அடியில் பொருத்தினேன். அது தட்டையான வெள்ளை வட்டு; கறுத்த தேக்கில் ஒட்டிவைத்த அப்பளம் போலத் துருத்திக்கொண்டு தெரிந்தது. அம்பாசமுத்திரத்தில் மரச்சொப்புக் கடைசல் செய்பவர் ஒருவரிடம் வட்டின் அளவைக் கொடுத்து, விளிம்பில் காற்றுக்கு இடைவெளி விட்டு, எட்டங்குல மூடியாகக் கடைந்து, அரக்குச் சாயம் ஏற்றி வாங்கினேன். அரக்கு பிசின்; அதனால் அலைக்குத் தடையில்லை. இன்று அது மச்சில் தொங்கும் ஒரு பெரிய சொப்புத் தட்டாகத் தெரிகிறது.

கடைசி அளவை எடுத்தது ஆவணி மாதத்தில். பட்டாசாலை -43, அடுக்களை -58, புறவாசல் -68. மேல் கருவியை அணைத்துவிட்டுப் பார்த்தால் மச்சு -65. திண்ணை மட்டும் -72க்கு இறங்கிவிட்டது, 20 அங்குலச் சுவரை நேராகத் துளைக்க வேண்டியிருப்பதால். திண்ணையில் யாரும் இணையம் பார்ப்பதில்லை, அங்கே நேரில் வம்பு பேச ஆள் இருக்கிறது. பெட்டிக்குள் பிற்பகல் வெப்பம் வெளியைவிட மூன்று டிகிரிதான் அதிகம். மின்தடைக்கான சிறிய பேட்டரிப் பெட்டியைச் சட்டத்துக்குள் வைக்கவில்லை. சூட்டில் லித்தியம் பேட்டரியின் ஆயுள் குறையும் என்பதால், அது கீழே அலமாரிக்குப் பக்கத்தில் தனியே இருக்கிறது.

இரவில் கோரை இடுக்குகள் வழியாக விளக்குகள் மினுக்கின. அமைப்பில் போய் பெரும்பாலானவற்றை அணைத்தேன். இணைப்பு அறுந்தால் எரியும் சிவப்பை மட்டும் விட்டுவைத்தேன். அதன் பயனை ஆச்சியிடம் சொல்லிவைத்திருந்தேன். ஒரு நாள் நான் மச்சில் மல்லாடிக்கொண்டிருக்கையில் கீழேயிருந்து, "ஏல, பாய்க்குள்ள செவப்பு எரியுது, போன் பண்ணிச் சொல்லு" என்று குரல் வந்தது.

பாய்ப்பெட்டியைச் சுவரில் மாட்டி ஒரு வாரம் ஆனதும், அதன் சட்டத்தில் நீட்டிக்கொண்டிருந்த திருகாணி ஒன்றில் ஆச்சி தினசரிக் காலண்டரைத் தொங்கவிட்டிருந்தாள். காலண்டரின் தலைமாட்டில் நீளமாகத் தகரப் பட்டை இருக்கிறது. கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஐந்து குறிகளுக்கும் போய் வந்தேன். ஒரு புள்ளிகூட மாறவில்லை. காலண்டர் அங்கேயே இருக்கிறது.